விம்கோ நகர் இட்லிக்கடை அம்மாவும் ஸ்வீடன் கப்பல் பட்டறையும்

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க. இதய மருத்துவ வரலாறுதான், ஆனா திருவொற்றியூர் வழியா போகும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. 58 வயசு. விம்கோ நகர் ஸ்டேஷன் பக்கத்துல இட்லிக்கடை. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) சுகர், பிரஷர் ரெண்டும் பத்து வருஷமா. உடம்பும் கொஞ்சம் கனம். கூட வந்த பையன் கண்டெய்னர் யார்டுல வேலை பார்க்கிறவர். கையில ஒரு மஞ்சள் பை, அதுக்குள்ள அஞ்சாறு ரிப்போர்ட்.

எக்கோ ரிப்போர்ட்ல ரெண்டு வரி முக்கியம். ஒண்ணு: நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் 60, அதாவது ரொம்ப அதிகம். இன்னொண்ணு: இடது இதயம் பம்ப் செய்யும் அளவு 62 சதவீதம், நார்மல்.

பையன் கேட்டது இன்னும் காதுல இருக்கு. "இன்னா சார் இது, ஹார்ட்டு நார்மல்னு போட்டுக்கீறாங்க. அப்புறம் எப்டி சார் பிரஷரு மட்டும் ஏறும்?"

நான் கார்டியாலஜி படிக்கும்போது இதே கேள்விக்குத் திணறியிருக்கேன். மருத்துவ உலகமே இதுக்கு பதில் தேட கிட்டத்தட்ட நூறு வருஷம் எடுத்துக்கிச்சு. அந்தக் கதைதான் இது.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். எங்கேயோ ஒரு இடத்துல அந்த அம்மாவுக்கு 'நுரையீரல் பிரஷருக்கு' என்று சில்டெனாபில் மாத்திரை தொடங்கியிருந்தாங்க, ஒரு நாளைக்கு மூணு வேளை. வயாக்ராவில் இருக்கிற அதே மருந்துதான். மெடிக்கல் ஷாப்புல சீட்டைக் காட்டினப்போ கடைப்பையன் சிரிச்சானாம். மகனுக்கு அந்த வெட்கம் வேற. ஆனா அதைவிட முக்கியமான விஷயத்தை அந்த அம்மா சொன்னாங்க: "அந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து ராத்திரி படுக்க முடியல தம்பி. ரெண்டு தலகாணி வெச்சும் மூச்சு முட்டுது. உக்காந்துனே தூங்குறேன்."

இந்த வாக்கியத்தை மனசுல வெச்சுக்கோங்க. திரும்பி வருவோம்.

முதல்ல உடம்புக்குள்ள இருக்கிற பாதை. வலது இதயம் கெட்ட ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுது. அங்க பிராணவாயு ஏறிய ரத்தம் இடது இதயத்துக்கு வருது. இடது இதயம் அதை உடம்பு முழுக்க அனுப்புது. நடுவுல இருக்கிற நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறினா அதுதான் பல்மனரி ஹைப்பர்டென்ஷன். கையில பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷருக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்லை.

எண்ணூர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். கொசஸ்தலை ஆத்துல தண்ணி மட்டம் ஏறுதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஆத்துப் பாதையே குறுகிப்போயிருக்கலாம். இல்லைன்னா பாதை நல்லா இருந்தும் முகத்துவாரம் மண் மூடி, கடலுக்குப் போக வேண்டிய தண்ணி பின்னாடி தேங்கியிருக்கலாம். மேல நின்னு பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒரே வெள்ளம்தான். வைத்தியம் மட்டும் நேர் எதிர். பாதை குறுகலா இருந்தா அகலப்படுத்தணும். முகத்துவாரம் அடைச்சிருக்கும்போது மேல இருந்து இன்னும் தண்ணியைத் திறந்துவிட்டா கரையோர ஊர் முழுகும்.

நுரையீரல்தான் ஆறு. இடது இதயம் முகத்துவாரம். உலகத்துல பல்மனரி ஹைப்பர்டென்ஷன் இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் காரணம் முகத்துவாரம்தான். நுரையீரல் குழாய்களே கெட்டுப்போற வகை அரிது. ஆனா பேர் என்னவோ நுரையீரல் பேர்லயே இருக்கிறதால டாக்டர்கள் உட்பட பலர் நுரையீரலையே முறைச்சுப் பார்த்துட்டு இருப்போம்.

சரி, முகத்துவாரம் அடைச்சிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதயத்துக்குள்ள போய் அளக்கணும். 1929 வரைக்கும் உயிரோட இருக்கிற மனுஷனோட இதயத்துக்குள்ள குழாய் விடுறதுன்னா கொலை முயற்சி மாதிரிதான் பேசுவாங்க.

அந்த வருஷம் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், சிறுநீர்ப்பாதைக்கு வைக்கிற குழாயைத் தன் கை நரம்பு வழியாகத் தானே விட்டுக்கிட்டார். மேலதிகாரி வேண்டாம்னு சொல்லியிருந்தார். கருவிகளின் சாவி நர்ஸ்கிட்ட இருந்தது. "உனக்குத்தான் செய்யப்போறேன்" என்று சொல்லி அவரை மேஜையில் கட்டிவைத்துவிட்டு, தன் கையில் 65 செ.மீ. குழாயை ஏற்றிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்குப் படியிறங்கி நடந்து போய்ப் படம் எடுத்தார். இதை வீரக்கதையா சொல்லுவாங்க. அந்த நர்ஸ் பக்கத்துலேர்ந்து பார்த்தா எனக்கு அப்படித் தோணலை. எப்படியோ, நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரும் 1940-களில் அதை முறையான பரிசோதனையாக வளர்த்தார்கள். 1956-ல் மூவருக்கும் நோபல் பரிசு.

ஆனா இந்தக் குழாய் நரம்பு வழியா போறதால வலது இதயத்துக்குத்தான் போகும். இடது இதயம் நுரையீரலுக்கு அந்தப் பக்கம். இந்தக் கரையில நின்னு அந்தக் கரைத் தண்ணி மட்டத்தை அளக்கிறது எப்படி?

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை வருது. பாஸ்டனில் லூயிஸ் டெக்ஸ்டர் குழுவும், ஸ்வீடனில் லாகர்லாஃப், வெர்கோ என்ற இருவரும் 1949-ல் தனித்தனியே எழுதிய விஷயம். குழாயை நுரையீரல் தமனியின் கிளைக்குள்ள, இதுக்கு மேல போகாது என்கிற இடம் வரைக்கும் தள்ளிச் செருகிடுங்க. அந்தக் கிளை அடைபடும். குழாய் முனைக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடாது, அப்படியே நிக்கும்.

பக்கிங்ஹாம் கால்வாயோட ஒரு கிளையை மேல்பக்கம் பலகை போட்டு அடைச்சதா நினைச்சுக்கோங்க. கீழ்ப்பக்கம் கடலோட தொடர்பு இருக்கு. ஓட்டம் நின்ன அந்தக் கிளையில தண்ணி எந்த மட்டத்துல நிக்கும்? கடல் மட்டத்துலதான். அதே மாதிரி, அடைபட்ட கிளைக்கு அப்பால் குழாய் முனை உணர்ற அழுத்தம் இடது இதயத்தின் மேலறை அழுத்தம். இடது இதயத்தைத் தொடாமலே அதை அளந்தாச்சு. இதுக்குப் பேர் வெட்ஜ் பிரஷர். ஆப்பு மாதிரி செருகுறதால அந்தப் பேர்.

வெட்ஜ் 15-க்குள்ள இருந்தா முகத்துவாரம் திறந்திருக்கு, கோளாறு ஆத்துல. 15-ஐத் தாண்டினா முகத்துவாரத்தைப் பாரு. இன்னிக்கும் உலகம் முழுக்க இதே கணக்குதான்.

இந்த இடத்துல நம்ம குன்னூருக்குப் போகணும்.

நுரையீரல் குழாய்கள் எவ்வளவு எதிர்ப்புக் காட்டுதுன்னு அளக்கிற அலகுக்கு 'வுட் யூனிட்' என்று பேர். நான் படிச்ச காலத்துல வுட் என்றால் ஏதோ மரத்தோட சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சேன், சத்தியமா. அது பால் வுட் என்ற லண்டன் இதய மருத்துவரின் பேர். அவர் 1907-ல் பிறந்தது குன்னூரில். அப்பா இந்தியாவில் வேலை பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி. ஆஸ்திரேலியாவில் படிச்சு லண்டன் போய், இருபதாம் நூற்றாண்டின் மிகக் கூர்மையான இதய மருத்துவர்களில் ஒருவரானார். 1962-ல், 54 வயசுல, மாரடைப்பில் இறந்தார். உலகத்துல எந்த கேத் லேபில் இந்த அளவைச் சொன்னாலும் குன்னூரில் பிறந்தவர் பேரைத்தான் சொல்றாங்க.

கணக்கு சிம்பிள். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தத்திலிருந்து வெட்ஜைக் கழிக்கணும். வர்ற விடையை, இதயம் நிமிஷத்துக்கு அனுப்புற ரத்தத்தின் அளவால் (லிட்டரில்) வகுக்கணும். அவ்வளவுதான்.

ரெண்டு பேஷண்ட். ரெண்டு பேருக்கும் சராசரி அழுத்தம் 50, ரத்த ஓட்டம் 4 லிட்டர். முதல் ஆளுக்கு வெட்ஜ் 10. 50-ல் 10 போக 40, நாலால வகுத்தா 10 வுட். நோய் முழுக்க நுரையீரல் குழாயில். ரெண்டாவது ஆளுக்கு வெட்ஜ் 30. 50-ல் 30 போக 20, நாலால வகுத்தா 5 வுட். பெரும்பகுதி இடது பக்கத்துலேர்ந்து தேங்கினது, மீதி நுரையீரல் குழாய்களும் பயந்து சுருங்கிக்கிட்டது. அழுத்தம் ஒண்ணு, ஆள் வேற, வைத்தியம் வேற. நடுவுல இருக்கிற ஒரே வித்தியாசம் இடது இதயத்தைப் பத்தின அந்த ஒரு எண்.

அந்தக் காலத்துல பால் வுட் அதிகம் பார்த்தது மைட்ரல் வால்வு சுருக்கம். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கிற கதவு, ருமாட்டிக் காய்ச்சலால் ஒட்டிப்போறது. முகத்துவாரம் மூடறதுக்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது. நுரையீரல் குழாய்கள் சுருங்கறதை இவங்ககிட்ட அவர் ரெண்டாவது அடைப்பு மாதிரி பார்த்தார்.

மேலை நாடுகளில் அது நடுவயசு நோய். நம்ம ஊர்ல? டெல்லி எய்ம்ஸில் சுஜாய் ராய் குழுவினர் 1963-ல் லான்செட் இதழில் எழுதினாங்க: இந்தியாவில் இருபது வயசுக்குள்ளேயே, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே, வால்வு முழுசா சுருங்கி நுரையீரல் அழுத்தமும் உச்சத்துக்குப் போயிருக்கு. நெருக்கடியான வீடு, தொண்டைப் புண்ணுக்கு பெனிசிலின் கிடைக்காமை. வடசென்னைக்கு இது புத்தக விஷயம் இல்லை. நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்போ பிரசவத்துக்கு வந்து மூச்சுத் திணறின இளம்பெண்களில் இந்த வால்வு நோயை முதல் தடவையா கண்டுபிடிச்ச ராத்திரிகள் உண்டு.

அதுக்கு வைத்தியம் செஞ்சதுல வேலூர் சிஎம்சிக்குத் தனி இடம். நெஞ்சைத் திறந்து, துடிக்கிற இதயத்தின் மேலறைக்குள்ள விரலை விட்டு, ஒட்டிய வால்வைப் பிரிக்கிற ஆபரேஷன். இதயத்தை நிறுத்துற மெஷின் தேவையில்லை. செலவு குறைவு. ஸ்டான்லி ஜான் குழுவினர் 1983-ல் சர்குலேஷன் இதழில் அப்படி ஆபரேஷன் செய்த 3,724 பேரின் விவரத்தை வெளியிட்டாங்க. 3,724! யோசிச்சுப் பாருங்க, இடது இதயத்தைப் பரிசோதிக்கிற கருவி அங்க சர்ஜனோட ஆள்காட்டி விரல். வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கு, ரத்தம் பின்னாடி கசியுதா, எல்லாம் விரல் நுனிதான் சொல்லும்.

அந்த விரலுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்? அங்கதான் ஸ்வீடன்.

விம்கோ நகருக்கு அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு மெட்ரோவுல போற இப்போதைய பசங்களுக்குத் தெரியுமான்னு தெரியலை. (மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில்.) விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. தீப்பெட்டிக் கம்பெனி. உலகத் தீப்பெட்டி வியாபாரத்தையே கையில் வைத்திருந்த ஐவர் க்ரூகரின் ஸ்வீடன் நிறுவனம் 1923-ல் இந்தியாவில் தொடங்கியது. அதன் மெட்ராஸ் தொழிற்சாலை திருவொற்றியூரில். என்னோட பேஷண்ட்டுகளில் வயசானவங்க சிலர் இன்னும் 'தீப்பெட்டிக் கம்பெனி ஸ்டாப்' என்றுதான் வழி சொல்லுவாங்க. ஆக, ஒரு ஸ்வீடன் கம்பெனி பேரில் இருக்கிற ஊர்ல உக்காந்து நான் தினமும் பயன்படுத்துற எக்கோ மெஷினும் ஸ்வீடனில் பிறந்தது. தற்செயல்தான். ஆனா எனக்கு இந்தத் தற்செயல் ரொம்பப் பிடிக்கும்.

லண்ட் நகர ஆஸ்பத்திரியில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவர். ('இங்கே' அவர் பேர்தான், எழுத்துப்பிழை இல்லை.) வால்வு ஆபரேஷனுக்கு யாரை அனுப்பறது, யாரை அனுப்பக்கூடாது என்பது அவர் தலைவலி. வால்வு சுருங்கினவனுக்கு ஆபரேஷன் உயிர் கொடுக்கும். வால்வு கசியிறவனுக்கு அதே ஆபரேஷன் உயிரை எடுக்கும். அப்போ இருந்த பரிசோதனைகள் ரெண்டையும் சரியாப் பிரிச்சுச் சொல்லலை. தப்பா அனுப்பினவங்க திரும்பி வரலை.

1953-ல் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரிடம் கேட்டார்: ரேடார் மாதிரி ஏதாவது வெச்சு இதயத்துக்குள்ள பார்க்க முடியுமா? ரேடார் ஆகாது, ஆனா ஒலி அலை ஆகலாம் என்றார் ஹெர்ட்ஸ். (ரேடியோ அலையைக் கண்டுபிடிச்ச ஹெர்ட்ஸ் இவருக்குச் சொந்தக்கார தாத்தா. அப்பாவும் நோபல் வாங்கினவர். சில குடும்பங்கள் அப்படி.)

பக்கத்து ஊர் மால்மோவில் கோக்கம்ஸ் என்ற கப்பல் கட்டும் தளம். அங்க இரும்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கான்னு பார்க்க ஒலி அலைக் கருவி வெச்சிருந்தாங்க. இரும்பு மேல வெச்சா ஒலி உள்ளே போகும், விரிசல் இருந்தா எதிரொலி சீக்கிரம் திரும்பும். நம்ம துறைமுகம் பக்கம் வெல்டிங் வேலை பார்க்கிறவங்களுக்கு அல்ட்ராசோனிக் டெஸ்ட் என்றால் உடனே தெரியும். ஹெர்ட்ஸ் அதைத் தன் நெஞ்சில் வெச்சுப் பார்த்தார். எட்டு ஒன்பது செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு எதிரொலி வந்தது. அது துடிச்சது.

அப்புறம் சீமென்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு கருவியைக் கடன் வாங்கி, 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் அசைவை முதல் முதலாகப் பதிவு செஞ்சாங்க. கப்பல் இரும்புல ஓட்டை தேடின கருவி.

இதுல ஒரு தப்பு நடந்தது, அதையும் சொல்லணும். வேகமா மேலும் கீழும் ஆடின ஒரு எதிரொலியை எட்லர் முதல்ல இடது மேலறையின் சுவர் என்று நினைச்சார். சந்தேகம் விடலை. நோயாளி இறந்த பிறகு, கருவி வெச்ச அதே இடத்துல, அதே கோணத்துல நீளமான ஊசியைச் செருகி, அது எதைத் தொடுதுன்னு பார்த்தார். சுவர் இல்லை, மைட்ரல் வால்வின் இதழ். வால்வு சுருங்கியிருந்தா அந்த ஆட்டம் மந்தமாகுது என்பதும் அப்போ புரிஞ்சது. தன் தப்பைத் தானே துரத்திப் பிடிச்ச மனுஷன். ஹெர்ட்ஸும் அவரும் 1977-ல் லாஸ்கர் விருது வாங்கினாங்க. நோபல் வரலை.

எழுபதுகளில் அடுத்த படி, நார்வேயில். ட்ரான்ட்ஹெய்ம் நகரத்தில் லிவ் ஹாட்லெ என்ற பெண் மருத்துவர், டாப்ளர் மூலம் ரத்தத்தின் வேகத்தை அளந்து அதிலிருந்து அழுத்தத்தைக் கணக்குப் போடலாம்னு நடைமுறையில் காட்டினார். வேகத்தை வர்க்கப்படுத்தி நாலால பெருக்கு. 1984-ல் ஸ்டான்ஃபோர்டில் யாக், பாப் இருவரும் இதையே வலது வால்வில் கசியிற ரத்தத்துக்குப் பொருத்தி நுரையீரல் அழுத்தத்தைக் கணிச்சாங்க. அந்த இட்லிக்கடை அம்மாவுக்கு வேகம் விநாடிக்கு 3.5 மீட்டர். 3.5 வர்க்கம் 12.25, நாலு மடங்கு 49, அதோட வலது மேலறைக்கு ஒரு 10 கூட்டினா 60 பக்கம். ரிப்போர்ட்ல இருந்த 60 அப்படி வந்தது. ஊசி இல்லை, குழாய் இல்லை, பத்து நிமிஷம்.

இந்த வசதியிலதான் ஒரு வலை இருக்கு.

எக்கோவுல நுரையீரல் அழுத்தம் சுலபமா கிடைச்சுடும். இடது இதயம் எவ்வளவு அழுத்திப் பிழியுதுங்கிற சதவீதமும் சுலபம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதினா, 'அழுத்தம் அதிகம், இடது இதயம் நார்மல், அப்போ நோய் நுரையீரல்ல' என்று கை தானா எழுதும். ஆனா பிழியறது வேற, விரியறது வேற. பத்து வருஷம் பிரஷரும் சுகரும் இருந்த இதயச்சுவர் தடிச்சு விறைச்சுப் போகும். பிழியும்போது 62 சதவீதம் பிழியும். ரத்தத்தை வாங்கிக்க விரியணும் இல்லையா, அப்போதான் முரண்டு பிடிக்கும். புது ரப்பர் பைக்கும் வெயில்ல காய்ஞ்ச ரப்பர் பைக்கும் உள்ள வித்தியாசம். வாங்க மறுத்த ரத்தம் பின்னாடி நுரையீரல்ல தேங்கும். சதவீதம் நார்மல், முகத்துவாரம் அடைப்பு.

இதுக்கு நேர் எதிரான ஏமாத்தமும் உண்டு. நுரையீரல் குழாயே கெட்டுப்போன நோயில், வீங்கின வலது இதயம் நடுச்சுவரை இடது பக்கம் தள்ளும். வட்டமா இருக்க வேண்டிய இடது அறை பாதி இட்லி மாதிரி தட்டையாகும். ரத்தமும் குறைவா வரும். அப்போ இடது அறை சரியா நிரம்பாத மாதிரி எக்கோவுல அளவுகள் வரும். பார்க்கிறவர் இடது இதயம் மோசம்னு எழுதிடலாம். உண்மையில அது குற்றவாளி இல்லை, அடி வாங்கினது.

அதனால எக்கோ பார்க்கும்போது நான் முதல்ல தேடுறது இடது மேலறையைத்தான். வருஷக்கணக்கா பின்னாடி தேங்கியிருந்தா அது வீங்கியிருக்கும், பொய் சொல்லாது. நடுச்சுவர் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு, சுவர் தடிப்பா, வால்வு பக்கத்துத் தசை எவ்வளவு வேகமா விரியுது, அதுவும் நடுச்சுவர் பக்கம் இல்லாம வெளிச்சுவர் பக்கம், ஏன்னா நடுச்சுவரை வலது இதயம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். இத்தனையும் சேர்த்துத்தான் ஒரு ஊகம். அந்த அம்மாவுக்கு மேலறை நல்லா வீங்கியிருந்தது. பழைய ரிப்போர்ட்லயும் அந்த அளவு எழுதியிருந்தது. யாரும் அதை வெச்சு யோசிக்கலை.

அப்போ எனக்கே ஒரு சந்தேகம். இட்லிக்கடை. முப்பது வருஷம் விறகடுப்பு, அப்புறம்தான் கேஸ். நுரையீரலே காரணமா இருந்தா?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கத்துக்கொடுத்தது டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். 1942-ல் ஜப்பான் குண்டு போட்டப்போ ஓடிவந்து தங்கினது கோயம்புத்தூரில். லண்டன், பால்டிமோர், பாஸ்டன் எல்லாம் போய்ப் படிச்சுட்டு 1953-ல் டெல்லி லேடி ஹார்டிங்கே கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயே கேத் லேப் தொடங்கினார். நுரையீரல் நோயால் வலது இதயம் வீங்கினவங்களைப் பத்தி 1959-ல் சர்குலேஷனில் அவர் எழுதின கட்டுரை இன்னும் மேற்கோள் காட்டப்படுது. மேல்நாட்டில் அது சிகரெட் பிடிக்கிற ஆண்களின் நோய். டெல்லியில் அவர் பார்த்தவர்களில் சிகரெட்டே தொடாத பெண்கள் ஏராளம். அடுப்புப் புகை. 2020-ல் கோவிட்டில் இறந்தப்போ அவருக்கு 103 வயசு.

ஆக அந்த அம்மாவுக்கு ரெண்டு சாத்தியம். நுரையீரல் பரிசோதனை செஞ்சோம், ஊதிப் பார்த்தோம், சிடி எடுத்தோம். புகையோட தடம் இருந்தது, ஆனா 60 அழுத்தத்தை விளக்குற அளவுக்கு இல்லை. மிச்சம் இருந்தது வெட்ஜ்.

இப்போ வெட்ஜ் அளக்கிற குழாயோட முனையில சின்ன பலூன் இருக்கும். ஒண்ணரை மி.லி. காற்று. 1967-ல் ஜெரமி ஸ்வான் என்ற டாக்டர் கலிபோர்னியா கடற்கரையில் பாய்மரப் படகுகளைப் பார்த்துட்டு இருந்தாராம். காத்து மந்தமா இருந்தும் பெரிய பாய் விரிச்ச ஒரு படகு மட்டும் ஓடியது. குழாய் முனையிலும் ஒரு பாய் இருந்தா ரத்த ஓட்டமே அதை இழுத்துட்டுப் போகுமேன்னு தோணியது. நாஜிகளின் கட்டாய வேலை முகாமில் உயிர் பிழைச்சு அமெரிக்கா வந்த வில்லியம் கான்ஸும் அவரும் சேர்ந்து 1970-ல் பலூன் குழாயை வெளியிட்டாங்க. நம்ம காசிமேட்டுல தினமும் எத்தனை பேர் கடலைப் பார்க்கிறோம், சரி விடுங்க. பலூன்னு சொன்னதும் இன்னொண்ணு. இன்னிக்கு டயர் விக்கிற எம்ஆர்எஃப், 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் விளையாட்டு பலூன் செய்து தொடங்கியது. இந்த ஊருக்கும் பலூனுக்கும் பழைய பழக்கம்.

வெட்ஜும் ஏமாத்தும், மறைக்காம சொல்றேன். 2009-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், பல்மனரி ஹைப்பர்டென்ஷனோட வெட்ஜ் நார்மலா இருந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடது இதயத்தையே நேரா அளந்தப்போ அழுத்தம் அதிகமா இருந்தது. நீர் பிரியும் மாத்திரை நிறைய போட்டு உடம்பு வத்தியிருந்தாலும் எண் நார்மலா வரும். அதனால சந்தேகம் இருந்தா அரை லிட்டர் சலைன் வேகமா ஏத்திட்டுத் திரும்ப அளப்போம். 18-ஐத் தாண்டினா ஒளிஞ்சிருந்த இடது இதயம் மாட்டிக்கிச்சு.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? மாத்திரை போட்டுப் பார்த்தா ஆச்சுன்னு விடக்கூடாதா? 1997-ல் வெளியான ஃபர்ஸ்ட் என்ற ஆய்வு. இடது இதயம் மோசமா செயலிழந்தவங்களுக்கு, நுரையீரல் குழாய் நோயில் உயிர் காக்கிற எபோப்ரோஸ்டெனால் மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. மருந்து எடுத்தவங்க அதிகமா இறந்ததால பாதியிலேயே நிறுத்தினாங்க. 2018-ல் ஸ்பெயினில் இருந்து இன்னொண்ணு: வால்வு ஆபரேஷனுக்குப் பிறகும் நுரையீரல் அழுத்தம் குறையாத 200 பேர். பாதிப் பேருக்கு சில்டெனாபில், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சில்டெனாபில் எடுத்தவங்க நிலைமைதான் மோசமாச்சு. ஆத்துப் பாதையை அகலப்படுத்தி, மூடின முகத்துவாரத்துக்கு இன்னும் தண்ணியை அனுப்பின கதை.

நுரையீரல் குழாய் நோயே இருக்கிறவங்களுக்கு இதே சில்டெனாபில் நல்ல மருந்து. இதைப் படிச்சுட்டு யாரும் தானா நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. உங்க டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இடது பக்கம் அழுத்தம் பார்த்தாச்சா?"

அந்த அம்மாவுக்கு கழுத்து நரம்பு வழியா குழாய் விட்டோம். முழிச்சுட்டே இருந்தாங்க. "உள்ள போயிடுச்சா தம்பி, ஒண்ணுமே தெரியலயே" என்றாங்க. சராசரி அழுத்தம் 38. பலூனை ஊதினோம். மானிட்டர்ல அலை படுத்துக்கிச்சு. மூச்சை முழுசா விடச் சொல்லி எண்ணைப் பார்த்தோம். 26.

ரத்த ஓட்டம் 5 லிட்டர். 38-ல் 26 போக 12, அஞ்சால வகுத்தா 2.4 வுட். நுரையீரல் குழாய்கள்ல பெருசா கோளாறு இல்லை. முகத்துவாரம்.

சில்டெனாபிலை அன்னிக்கே நிறுத்தினோம். நீர் பிரியும் மாத்திரை, பிரஷரை இறுக்கிப் பிடிக்கிறது, சுகர் மாத்திரையில ஒண்ணு இதயத்துக்கும் உதவுற வகைக்கு மாத்தினது, உப்பு. கடை ஊறுகாயை விடச் சொன்னதுக்குத்தான் அதிகம் சண்டை போட்டாங்க. எடை மெதுவாத்தான் இறங்குது.

போன மாசம் செக்கப்புக்கு வந்தாங்க. பையன் கூட வரலை, மெட்ரோவுல தனியா வந்திருக்காங்க. படிக்கட்டு ஏறினீங்களா, லிஃப்டான்னு கேட்டேன். "ஏறும்போது லிப்ட்டு, எறங்கும்போது படி" என்றாங்க. தலகாணி? "ஒண்ணுதான். அதுவும் பழசு, பஞ்சு போயிடுச்சு, புதுசு வாங்கணும்."